கைக்குள் அடங்கும் இன்பம்

இல்லறத்தைப் பற்றிய தமிழ்ச் சிந்தனை பெரும்பாலும் விருந்தோம்பல், மக்கட்பேறு, பொருளீட்டல் ஆகிய பெருங்கடமைகளையே சுற்றி வந்திருக்க, அக்கடமைகளுக்கு இடையே கிடைக்கும் சிறுபொழுதுகளில் வீட்டார் விரும்பிச் செய்யும் கைவேலைகள் அதிகம் பேசப்படவில்லை. தொட்டியில் மல்லிகை வளர்ப்பதும், அதைத் தொடுப்பதும், வாசலில் கோலமிடுவதும், வயர் கூடை பின்னுவதும் பெரும்பாலான வீடுகளில் வருமானம் தராத வேலைகள். அவற்றுள் பூவும் கோலமும் ஒரு நாளைக்கு மேல் நிற்பதுமில்லை. ஆயினும் இவை கைவிடப்படாமல் தொடர்வதால், இவை எந்த நிலையில் இன்பமாகவும் எந்த நிலையில் சுமையாகவும் அமைகின்றன என்பது வாழ்க்கையைப் பற்றிக் கேட்கத் தகுந்த கேள்வியே ஆகும்.

மல்லிகையைத் தொட்டியில் வளர்ப்பவர் முதலில் கற்க வேண்டியது கவாத்து, அதாவது கிளைகளைக் குறைத்து வெட்டிவிடுதல். மல்லிகை புதுத்துளிரின் நுனியில்தான் அரும்பு கட்டும் என்பதால், வெட்ட மனம் வராமல் விடப்பட்ட செடி இலையும் கொடியுமாகத் தழைத்துப் பூவில் குறைந்துவிடும். வெட்டியவரோ சில வாரங்கள் வெறுங்குச்சியைப் பார்த்துக்கொண்டு, நல்ல வெயிலும் அளவான நீரும் தந்து காத்திருக்க வேண்டும். வீட்டுத் தோட்டத்தின் மகிழ்ச்சியில் பாதி இந்தக் காத்திருப்பிலேயே அடங்கியிருக்கிறது. கடையில் முழம் போட்டு வாங்கும் பூவுக்கு அந்தப் பாதி கிடையாது.

பறித்த அரும்பைச் சரமாக்குவதில் இரு முறைகள் உண்டு. ஊசியால் துளைத்து நூலில் சேர்ப்பது கோத்தல். காம்புகளை நாரால் முடிச்சிட்டுச் சேர்ப்பது தொடுத்தல் அல்லது கட்டுதல். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 மலர்களைப் பெயர் சொல்லி அடுக்குவதும், கண்ணி, தார், கோதை, தொடலை எனப் பூவணிகளுக்குப் பழந்தமிழில் பல பெயர்கள் வழங்கியதும், இந்த வேலையை இம்மொழி எவ்வளவு நெருங்கிப் பார்த்தது என்பதற்குச் சான்றுகள். தொடுப்பவர் வாழைநாரை நீரில் நனைத்து மென்மையாக்கி, இரண்டு அரும்புகளை ஒரு பக்கமும் இரண்டை எதிர்ப்பக்கமும் காம்போடு காம்பு பொருந்த வைத்து, விரலில் சுற்றிய நாரை அவற்றின் மேல் மாட்டி இழுக்கிறார். இறுக்கினால் காம்பு அறுந்துபோகும். தளர்த்தினால் பூ உதிர்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவிலுள்ள அளவை எந்த நூலும் சொல்லித் தருவதில்லை, விரலே பழகிக்கொள்ள வேண்டும். பகலில் கட்டப்படுபவை விரியாத மொட்டுகள். அவை மலர்ந்து மணப்பது மாலைக்கு மேல்தான். ஆகவே தொடுப்பவர் இன்னும் வராத ஒரு மணத்துக்காக, பல வேளைகளில் இன்னொருவர் கூந்தலுக்காகவே, உழைக்கிறார்.

கோலம் இதே இயல்பை வேறு வகையில் காட்டுகிறது. வரிசைகளில் புள்ளிகளை ஒன்றுக்கு நேர் ஒன்றாக வைப்பது நேர்ப்புள்ளி. முன்வரிசையின் இரு புள்ளிகளுக்கு இடையில் அடுத்த வரிசையின் புள்ளியை வைப்பது ஊடுபுள்ளி. சிக்குக் கோலத்தில் கோடு புள்ளிகளைத் தொடாமல் வளைந்து சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறது. ஒரு வளைவு தவறினாலும் கோடு வந்து சேராது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோன்மணியும் உடன் ஆய்வாளர்களும் 1970களில் இந்த வடிவங்களைக் கணித இலக்கணமாக ஆராயும் அளவுக்கு அவற்றில் ஒழுங்கு இருந்தது. அத்தகைய ஒழுங்கை அரிசிமாவில் இட்டு, எறும்புக்கும் நடப்பவர் காலுக்கும் விட்டுவிட்டு, மறுநாள் வேறொன்று இடுபவர், செய்ததைப் பற்றிக்கொள்ளாமலும் செய்வதில் குறைவைக்காமலும் இருக்கப் பழகுகிறார்.

வயர் கூடை மட்டும் ஆண்டுக்கணக்கில் உழைப்பது. நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண் முடிச்சு என எதைப் போட்டாலும் அடிப்பாகத்தின் முதல் வரிசை தளர்ந்தால் கூடை முழுதும் சாயும் என்பதால், கற்பவர் போட்டதைப் பிரித்துப் பிரித்தே கற்கிறார். முதல் முடிச்சிலிருந்து கைப்பிடிவரை ஒருவர் கையிலேயே ஒரு பொருள் முழுமையாவது, துண்டு துண்டாகப் பிரிந்துபோன இன்றைய வேலைகளில் அரிதாகிவிட்ட நிறைவாகும்.

எனினும் இந்த இன்பங்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு: அவை விரும்பி ஏற்றவையாக இருக்க வேண்டும். நீர் தூக்கி, சமைத்து, துவைத்து ஓய்ந்த பெண்ணிடம் விடியலில் கோலமும் மாலையில் பூவும் கடமையாகக் கேட்கப்படும்போது, அதே வேலை இன்பம் என்ற பெயரை இழந்து விடுகிறது. இவை பெண்களுக்கே உரியவை என்பதற்கு மரபிலும் ஆதாரம் இல்லை. திருவில்லிபுத்தூரில் நந்தவனம் பேணிப் பூத்தொடுத்து இறைவனுக்குச் சூட்டுவதையே தம் வாழ்க்கைத் தொண்டாகக் கொண்டவர் பெரியாழ்வார். இன்றும் பூக்கடைகளில் கண்ணை எடுத்து வேறெங்கோ பார்த்தபடி விரைந்து சரம் கட்டும் ஆண்கள் பலர். கடையில் தொழிலாக ஆணுக்குப் பொருந்துவது வீட்டில் பொழுதுபோக்காகப் பொருந்தாமல் போக நியாயமில்லை.

எனவே வீட்டில் அழகு வேண்டுவோர் முதலில் செய்ய வேண்டியது, அந்த அழகைச் செய்யும் கைக்கு ஓய்வு தருவதாகும். சமையலும் துவைப்பும் எல்லோர்க்கும் பங்காகட்டும். மாடியில் ஒரு மல்லிகைத் தொட்டி இருக்கட்டும். மகனும் மகளும் அதன் அருகே அமர்ந்து நார் பிடிக்கக் கற்கட்டும்.