பள்ளிக்கு அனுப்பியதோடு கடமை தீர்ந்ததா?



"பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று, இனி வாத்தியார் பாடு, பிள்ளை பாடு" என்ற பேச்சு நம் வீடுகளில் சாதாரணமாய்க் கேட்கிறது. சீருடை தைத்து, நோட்டு வாங்கி, பஸ்ஸுக்கும் காசு கொடுத்தபின் பெற்றோருக்கு இன்னும் என்ன வேலை?

ஆசிரியருடைய அதிகாரம் எங்கிருந்து வருகிறதென்று முதலில் யோசியுங்கள். பிள்ளையை வளர்க்கும் உரிமையும் கடமையும் பெற்றவர்களுக்கே முதலாவதாக உண்டு. ஆசிரியர் அவர்களுடைய ஸ்தானத்தில் நின்று உதவுகிறார். நடவுக்கு ஆள் விட்டவன் வரப்புப் பக்கமே போகாமல் இருப்பானா? பாப்பரசர் 11-ம் பத்திநாதர் 1929-ல் எழுதிய நிருபமும், 1965-ல் வத்திக்கான் பொதுச்சங்கம் கல்வியைப்பற்றி வெளியிட்ட ஏடும் இதையே போதிக்கின்றன. நாட்டின் சட்டமும் இதை மறக்கவில்லை. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசாங்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் பெற்றோரோ பாதுகாவலரோ இருக்கவேண்டும். குழுவில் பாதிப்பேர் பெண்களாய் இருக்கவேண்டும்.

"சாமி, நாங்கள் கையெழுத்துப் போடவே தடுமாறுகிறவர்கள். பாடத்தைப்பற்றி எங்களுக்கு என்ன தெரியும்?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். லூக்காஸ் சுவிசேஷம் 2-ம் அதிகாரத்தை வாசிக்கக் கேளுங்கள். பன்னிரண்டு வயதான சேசுநாதர் தேவாலயத்தில் போதகர்கள் நடுவே உட்கார்ந்திருந்தார். தேவமாதாவும் சூசையப்பரும் அவரைத் தேடி மூன்றாம் நாள் கண்டார்கள். அவர் சொன்ன மறுமொழி அவர்களுக்கு விளங்கவில்லையென்று சுவிசேஷமே சொல்லுகிறது. விளங்காவிட்டாலும் தேடினார்கள், கேட்டார்கள். தாயார் யாவற்றையும் மனதில் வைத்துக்கொண்டார்கள். இம்மூன்றுக்கும் படிப்பு வேண்டியதில்லை.

தேடுங்கள். பிள்ளை பள்ளிக்குப் போக மறுத்தால் காரணத்தை விசாரியுங்கள். அடி வாங்கியதோ, கேலியோ, கணக்கு புரியாத பயமோ இருக்கலாம். ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் அரைநாள் கூலி போகும். அது மெய்யான நஷ்டமே. தகப்பன் ஒருமுறை, தாய் ஒருமுறை போகலாம். கூட்டத்தை மாலையில் வைக்கும்படி பள்ளியில் கேட்பதிலும் தவறில்லை.

கேளுங்கள். இராச் சாப்பாட்டின்போது, "இன்றைக்கு என்ன படித்தாய்? எனக்கும் சொல்லேன்" என்று கேளுங்கள். அந்நேரம் டெலிவிஷனும் கைப்பேசியும் சும்மா இருக்கட்டும். தெரியாத தாய்க்கு விளக்கிச் சொல்லும் பிள்ளைக்குப் பாடம் தன்னாலே தெளிவாகும்.

மனதில் வையுங்கள். ஆசிரியர் பெயர், பிள்ளைக்குக் கடினமான பாடம், பக்கத்தில் உட்காரும் தோழன் யார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

சில தகப்பன்மார் மார்க்கு வரும் நாளில் மட்டும் விழித்துக்கொண்டு பிரம்பை எடுக்கிறார்கள். வருஷமெல்லாம் விசாரியாதவனுக்கு அன்று கோபிக்க என்ன நியாயம்? வேறு சிலர் பிள்ளையின் வீட்டுப்பாடத்தைத் தாமே எழுதிக் கொடுக்கிறார்கள். பிள்ளை நடக்கவேண்டிய வழியை நாம் நடந்து தீர்க்கமுடியாது, கூட நடக்கலாம்.

வீட்டில் யாரும் மதியாத படிப்பைப் பிள்ளை எப்படி மதிக்கும்? ஆகையால் இன்றிரவே உங்கள் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, அதன் நோட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எழுத்து தெரியாவிட்டாலும் பாருங்கள். நீங்கள் பார்ப்பதைப் பிள்ளை பார்க்கும்.

உங்கள் பங்குக் குரு