நாவுக்குச் சொந்த ஊர் உண்டோ?

உடலுக்குப் பிறந்த ஊர் உண்டு. பேச்சுக்குத் தாய்மொழி உண்டு. அவைபோல நாவுக்கும் ஒரு சொந்த ஊர் உண்டோ என்னும் வினா, கடல் கடந்து வாழும் நம்மனோர்க்குப் பொழுதுபோக்கு வினா அன்று. ஊரைவிட்டுப் பெயர்ந்தவன் உடையை மாற்றிக்கொள்கிறான். அண்டை வீட்டார் மொழியைக் கற்றுக்கொள்கிறான். புதிய மழைக்கும் வெயிலுக்கும் பழகிவிடுகிறான். நா மட்டும் எளிதில் இணங்குவதில்லை. அது பழைய ஊரையே கேட்டுக்கொண்டிருக்கிறது. அவ்வாறு கேட்பது முறைதானா, அதற்கு ஓர் எல்லை உண்டா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மத்திய அரசு அலுவலகங்களில் பணிபுரியும் நமக்குச் 'சொந்த ஊர்' என்பது பணிப்பதிவேட்டில் ஏறிய ஒரு சொல். எல்.டி.சி. என்று நாம் வழங்கும் விடுப்புப் பயணச் சலுகைக்காக அவ்வூரை ஒருமுறை அறிவித்துவிட்டால், பணிக்காலம் முழுவதிலும் அதனை ஒரேயொரு தடவைதான், அதுவும் தக்க காரணம் காட்டித்தான், மாற்ற இயலும். நாவுக்கோ அத்தகைய பதிவேடு இல்லை. ஃபீனிக்ஸ் பே பகுதியில் அடுத்தடுத்து வாழும் தமிழ்க் குடும்பங்களுள் ஒன்றன் பதிவேட்டில் இராமநாதபுரம் இருக்கும்; மற்றொன்றில் திருநெல்வேலி இருக்கும்; பிறிதொன்றில் விழுப்புரம் இருக்கும். ஆயினும், ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடலைக் கப்பலில் மூன்று நாள்களிலோ விமானத்தில் இரண்டு மணி நேரத்திலோ கடந்து சென்னையில் இறங்கியதும், இம்மூன்று குடும்பங்களும் தேடுவது ஒன்றே. சொந்த ஊருக்கு வண்டி ஏறுமுன் கடைத்தெருவின் சுவையை ஒருமுறை கண்டுவிட வேண்டும் என்பதே அது.

1948ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயில், இட்டிலி மூழ்குமளவு சாம்பார் ஊற்றி உண்ண வேண்டும். மெரினா மணலில் தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல் வாங்க வேண்டும். சௌகார்பேட்டைக்குள் ஒரு மாலைப்பொழுது நடக்க வேண்டும். வேப்பேரியில் கேக்கும் ரொட்டியும் வாங்கித் தீவுக்கு எடுத்து வர வேண்டும். இப்படி ஒரு பட்டியல் ஒவ்வொருவர் நெஞ்சிலும் இருக்கிறது. பட்டியல் முடிந்தபின் நம்மில் மூத்தோர் பலர் ஒரு தீர்ப்பும் வழங்குவர்: "முன்போல் இல்லை, பழைய சுவை போய்விட்டது." இந்தத் தீர்ப்புத்தான் நம்மைச் சிந்திக்கத் தூண்டுகிறது. மாறாத சுவையைப் பிறரிடம் கேட்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?

இதற்கு விடை காண, நாம் விரும்பித் தேடும் அக்கடைத்தெருக்களின் வரலாற்றையே சற்று நோக்குவோம்.

பாரிமுனையை அடுத்து, பர்மா பஜாருக்கு அருகே, செகண்ட் லைன் பீச் என்று ஊரார் வழங்கும் சாலையில் மாலை நேரத்தில் 'அத்தோ' விற்கும் தள்ளுவண்டிகள் நிற்கும். கோதுமை நூடுல்ஸோடு நறுக்கிய முட்டைக்கோசு, வெங்காயம், வறுத்த பூண்டு, மிளகாய்த்தூள், புளிக்கரைசல் ஆகியவற்றைச் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தருவர். உடன் வாழைத்தண்டு சூப்பு ஒரு கிண்ணம் வரும். பர்மிய மொழியில் கலந்து பிசைந்த உணவைக் குறிக்கும் சொல்லே தமிழர் வாயில் 'அத்தோ' ஆயிற்று. 1962ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பர்மாவில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அதனை அடுத்துக் கடைகளும் வணிகமும் அரசுடைமையாக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்த தமிழர் பல்லாயிரவர், ஈட்டிய பொருளைக் கைவிட்டுக் கப்பலேறினர். அவ்வாறு மீண்டோர் பிழைப்பதற்கென 1969இல் பர்மா பஜார் அமைந்தது. வீடும் நிலமும் கடையும் எடுத்துவர முடியாதவர், கைப்பக்குவத்தை மட்டும் எடுத்து வந்தனர். அதற்குச் சுங்கமும் இல்லை; அதனைப் பறிமுதல் செய்யவும் ஆளில்லை. அவர்கள் அதே அத்தோவைத்தான் விற்றார்களா எனில், அதுவும் இல்லை. பர்மியர் மீன்சாற்றில் ஆக்கும் 'மொய்ங்கா' இங்கு வாழைத்தண்டு மணக்கும் சூப்பாக இளகிற்று, காரம் ஏறிற்று. வாங்குவோர் நாவுக்கு இணங்கியதால்தான் அக்கடைகள் பிழைத்தன.

இனி வேப்பேரிக்கு வருவோம். அங்கே 1885ஆம் ஆண்டு முதல் நிலைத்து வருவது ஸ்மித் ஃபீல்ட் பேக்கரி. வேப்பேரி, பெரம்பூர்ப் பகுதிகளில் ஆங்கிலோ இந்தியர் மிகுந்து வாழ்ந்த காலம் ஒன்று இருந்தது. 1947க்குப் பின்னர் அவர்களுட் பலர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் குடிபெயர்ந்தனர். கிறித்துமஸ் கேக்கோ அவர்களோடு கப்பலேறவில்லை. அதனை இன்று வரிசையில் நின்று வாங்குவோருட் பலர் அச்சமயத்தவரும் அல்லர், அவ்வினத்தவரும் அல்லர். பர்மா பஜாரில் மனிதர் வந்தனர், சுவையும் உடன் வந்தது. வேப்பேரியில் மனிதர் போயினர், சுவை பின்தங்கி நின்றது.

மூன்றாவது எடுத்துக்காட்டு சௌகார்பேட்டை. இராசத்தானத்திலிருந்தும் குசராத்திலிருந்தும் வணிகத்தின்பொருட்டு வந்து தங்கிய குடும்பங்கள் வாழும் இடம் அது. தங்கசாலைத் தெருப் பக்கத்தில் 'முறுக்கு சாண்ட்விச்' என்றொரு பண்டம் கிடைக்கிறது. இரண்டு சிறு முறுக்குகளுக்கிடையே சட்டினியும், வெள்ளரி, தக்காளித் துண்டுகளும் வைத்துத் தருவது. முறுக்கு நம்முடையது, இடையிற் புகுந்த சட்டினியும் அடுக்கிய முறையும் வேற்றூருடையவை. இப்பண்டத்துக்குச் சொந்த ஊர் எது என்று பதிவேட்டில் எழுதச் சொன்னால் எந்த எழுத்தரும் தடுமாறுவார்.

வந்தேறியவையெல்லாம் இருக்கட்டும், நம்முடையது என்று ஐயமின்றிக் கூறத்தக்க சாம்பாரையே எடுத்துக்கொள்வோமே என்று சிலர் கூறலாம். அச்சாம்பாரின் மிளகாய் அமெரிக்கக் கண்டத்திற் பிறந்தது. 16ஆம் நூற்றாண்டளவில் போர்த்துகீசியர் வழியே நம் நாட்டிற் புகுந்தது. அதற்குப் பெயர் சூட்டிய நம் முன்னோர், காரத்துக்குத் தாம் முன்னரே அறிந்திருந்த மிளகின் பெயரையே இட்டு, மிளகாய் என்றனர். ரொட்டியை ஈழத்தமிழர் 'பாண்' என்பது போர்த்துகீசியச் சொல்லின் வழிவந்ததே. வந்ததை வரவேற்றுப் பெயரிட்டு உறவாக்கிக்கொள்வது தமிழ் நாவின் பழைய இயல்பு என்பது இவற்றாற் புலனாகும்.

அங்காடித் தெருவில் உண்பதும் நமக்குப் புதிதன்று. பிட்டு விற்ற காழியரையும் அப்பம் விற்ற கூவியரையும் புகார் நகரத் தெருக்களில் வைத்துக் காட்டுகிறது சிலப்பதிகாரம். மதுரைக்காஞ்சியோ முதல் யாமம் கழிந்தபின் கூவியர் அமர்ந்தபடியே உறங்குவதையும் காண்கிறது. இந்த இரண்டாவது காட்சி நம் கருத்துக்கு இன்றியமையாதது. பண்டத்தின் இனிப்பைக் கண்ட புலவர், அதனை ஆக்கியவரின் களைப்பையும் கண்டார். நாம் இனிப்பை மட்டும் கண்டு திரும்பிவிடுகிறோமோ என்பதே நாம் எழுப்பும் அறவினா.

தெருவோரத்தில் சுவைத்துத் திரிவதையே குறை கூறுவார் உண்டு. உழைத்துச் சேர்த்த பயணப் பணத்தை நாவுக்கு இறைப்பது வீண் என்பர். தூய்மைக்குக் கேடு என்றும் சொல்வர். தூய்மை வேண்டும் என்பது உண்மை. கொதிக்கக் கொதிக்கக் கண்முன்னே ஆக்கித் தருவதைத் தேர்ந்து உண்பதும், ஈ மொய்ப்பதை விலக்குவதும் அறிவுடைமை. ஆயின் வீண் என்னும் கூற்று பொருந்தாது. ஒரு நகரத்தை அதன் கோட்டையிலும் அருங்காட்சியகத்திலும் காண்பதைவிட, அது தன் ஏழைகளின் கையால் என்ன சமைக்கிறது என்பதிற் காண்பது குறைந்த அறிவன்று. தீங்கு சுவைப்பதில் இல்லை; எவ்வாறு சுவைக்கிறோம் என்பதில் இருக்கிறது. ஐந்து கடைகளில் ஐந்து தட்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் இரண்டு வாய் உண்டு எஞ்சியதை எறிவது ஒரு வகை. ஒரு தட்டை நால்வர் பகிர்ந்துண்டு, அடுத்த கடைக்கு வயிற்றில் இடம் வைப்பது மற்றொரு வகை. முன்னதில் பண்டம் வேடிக்கைப் பொருளாகிறது. பின்னதில் அது உணவாகவே இருக்கிறது.

விலையிலும் இவ்வேறுபாடு தோன்றும். குளிரூட்டிய உணவகத்தில் வரியும் சேர்த்து அச்சிட்ட தொகையை வாய்பேசாது வைக்கும் நாம், கடற்கரையில் சுண்டல் விற்பவரிடம் ஐந்து ரூபாய்க்கு வாதாடுகிறோம். தேங்காயும் எண்ணெயும் எரிவாயுவும் விலையேறும்போது அவருக்கு அகவிலைப்படி உயர்வு வருவதில்லை, நமக்கு வருகிறது. தெருவோர வணிகரின் பிழைப்பைக் காக்கவும் ஒழுங்குபடுத்தவும் 2014ஆம் ஆண்டு பாராளுமன்றம் ஒரு சட்டமே இயற்றியது. அரசு செய்ய வேண்டியதை அரசு செய்க. உண்பவன் செய்ய வேண்டியது, கேட்ட விலையைக் கொடுத்து, "நன்றாயிருந்தது ஐயா" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு எழுவதே.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். விருந்து என்னும் தமிழ்ச்சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். புதிதாக யாக்கப்பெறும் செய்யுளையும் தொல்காப்பியம் விருந்து என்றே கூறுகிறது. புதிதாய் வந்தவனும் விருந்து; அவன்முன் வைத்த உணவும் விருந்து. அவ்வாறாயின் கடைத்தெருவில் உண்ணும் நாம் யார்? காசு கொடுத்ததால் நுகர்வோர் என்று நம்மை நாமே எண்ணிக்கொள்கிறோம். ஆனால் பர்மாவை இழந்தவர் பிசைந்து தந்த அத்தோவின்முன் நாம் விருந்தினரே. விருந்தினன் விருந்தளிப்பவனை நோக்கி, முப்பது ஆண்டுகளுக்குமுன் இருந்ததுபோல் ஏன் இல்லை என்று வினவான். அவர் தம் வாழ்வு மாறியபோது கைப்பக்குவமும் மாறிற்று. நம் நினைவைக் காப்பதற்காக அவர் தம் பிழைப்பை நிறுத்தி வைத்தல் வேண்டும் என்று எதிர்பார்ப்பது நேர்மையாகாது. சுவைக்குச் சொந்த ஊர் உண்டெனில், அது பிறந்த இடமன்று; அதனை இன்று உழைத்து உயிரோடு வைத்திருக்கும் கைதான் அதன் ஊர்.

இவ்வுண்மை நம் இல்லங்களுக்குள்ளும் செல்ல வேண்டும். தீவில் பிறந்து வளர்ந்த நம் மக்கள் சென்னையில் சாம்பார் இட்டிலியைச் சுவைத்து, "நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நம் வீட்டு மீன்குழம்புபோல் வராது" என்கின்றனர். கேட்ட பெற்றோரின் முகம் வாடிவிடுகிறது. தமிழ்ச்சுவை அறியாமற் போனார்களே என்று வருந்துகின்றனர். வருந்தற்கு ஏதுமில்லை. அக்குழந்தையின் நா, கடல் கடந்து வந்த தாய் இத்தீவின் மீனில் ஆக்கிய குழம்பையே தன் ஊராகக் கொண்டுவிட்டது. அத்தாயின் கையும் தமிழ்க் கையே. சென்னைப் பண்டத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். அதன் கதையைச் சொல்வோம். ஆனால் அவர்கள் தமிழுணர்வை நாவின் விருப்பங்கொண்டு அளக்க வேண்டா.

நாம் வாழும் தீவுக்கூட்டமே இத்தகைய கைகளாற் கட்டப்பெற்றதன்றோ? 1925ஆம் ஆண்டு பர்மாவிலிருந்து கரேன் மக்கள் மாயாபந்தர்ப் பக்கம் வந்து குடியமர்ந்தனர். நாட்டுப் பிரிவினையில் வீடிழந்த வங்காளக் குடும்பங்கள் 1949 முதல் வந்து காடு திருத்தின. 1964ஆம் ஆண்டுச் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கைக்குப்பின் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர் சிலர், கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்றனர். இடங்களின் பெயர்களும் நிலைத்தில. ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து நாம் படகேறிச் செல்லும் ஹேவ்லாக் 2018இல் சுவராஜ் தீவு ஆயிற்று. போர்ட் பிளேயரே 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. பெயர் மாறிய நகரில், ஊர் மாறிய மக்கள், உலை மட்டும் மாறாதிருக்க வேண்டும் என்பது எவ்வாறு கூடும்?

சென்னைக்குச் செல்லும் குடும்பங்கள் மகிழ்ந்து சுவைத்து வருக. அத்தோவும் கேக்கும் முறுக்கும் சுண்டலும் அவரவர் உழைப்பின் பெருமையோடு நம் நாவில் இனிக்க. அங்கே கற்ற பண்பை இங்கும் கொணர்க. நம் துறைமுகச் சாலையில் மாலையில் வடையும் பச்சியும் பொரிப்பவரும் எங்கிருந்தோ வந்தவரே. அவரும் நமக்கு விருந்தளிப்பவரே. நாளை நம் வழித்தோன்றல் ஒருவன் தாயகம் மீண்டு, ஏதோ ஒரு தெருமுனையில் அந்தமான் மீன்குழம்பு என்று பலகை எழுதி வைத்தல் கூடும். அன்று அவன் கடைக்கு வருவோர், இது எந்த ஊர்ச் சுவை என்று கேட்டுத் தயங்காமல், பசியோடு அமர்ந்து, முகமலர்ந்து உண்டு செல்வாராக.