தகப்பனாரின் சம்மதம்

மேற்கு மாம்பலத்தில் ஒரு வாலிபர், "அத்தா, சைலன்ஸரை மாற்றி எஞ்சின் சக்தியையும் கூட்டிக் கொள்கிறேன், என் சம்பாத்தியம்தானே!" என்று மன்றாட, தகப்பனார் நம்மிடம் மஸ்அலா கேட்டார். பணம் ஹலால், அதில் பேச்சில்லை. ஆனால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழ் வேறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. வண்டியோ தகப்பனார் பெயரில். வழக்கு வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவரே. இதை மகனார் வாய் திறந்து சொல்லவில்லை.

பாதியை மறைத்துப் பெற்ற சம்மதம் சம்மதமாகுமா? சரக்கின் குறையை மறைத்து விற்றால், வாங்கியவர் திருப்பித் தரலாம் என்பது நம் ஃபிக்ஹுச் சட்டம். பெற்றவருக்கு அந்த உரிமைகூட இல்லையா? அது போகட்டும். ஆரிய கவுடா சாலையில் நள்ளிரவில் உறங்கும் நோயாளிக்காக எந்தத் தகப்பனார் சம்மதம் தருவார்?

"எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கேளுங்கள், தம்பி" என்றோம். இன்னும் கேட்கவில்லையாம்.