கையெழுத்துப் போட்டவர் பார்த்தாரா?

1986 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் 14 நோயாளிகள் அடுத்தடுத்து இறந்தார்கள். வெவ்வேறு நோய்களுக்காக வந்தவர்கள், ஒரே விதமாகச் சிறுநீரகம் செயலிழந்து செத்தார்கள். மூளையிலோ கண்ணிலோ ஏறிய அழுத்தத்தைக் குறைக்கக் கிளிசரின் குடிக்கக் கொடுப்பது அன்றைய மருத்துவ வழக்கம். மருத்துவமனைக்கு வெளியிலிருந்து வாங்கப்பட்ட அந்தக் கிளிசரினில் டைஎத்திலீன் கிளைகால் கலந்திருந்தது. ஆலைகளில் கரைப்பானாகப் பயன்படும் நஞ்சு அது. இனிக்கும், நிறம் கிடையாது, கிளிசரினைப் போலவே கெட்டியாக வழியும். கண்ணால் பார்த்து எந்த மருத்துவரும் கண்டுபிடிக்க முடியாது. சோதனைச் சாலையில் கண்டுபிடித்துவிடலாம். நோயாளியின் வாய்க்குப் போகும் முன்னால் அது நடக்கவில்லை.

பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி லெண்டின் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. மருந்து வாங்கிய மேசையில் தொடங்கி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வழியாக அமைச்சர் அலுவலகம் வரை ஒவ்வொரு படியிலும் தவறு இருந்ததை அது எடுத்துக்காட்டியது. மகாராஷ்டிர சுகாதார அமைச்சர் பதவி விலகினார்.

இந்தச் சாவுகளுக்கு யார் பொறுப்பு? கலப்படம் செய்த வியாபாரி என்று சட்டென்று சொல்லிவிடலாம். அது உண்மைதான், அவனுக்குத் தண்டனை வேண்டும். நான் கேட்பது அடுத்த ஆளைப் பற்றி. 'சரக்கு சரியாக இருக்கிறது' என்று கோப்பில் கையெழுத்துப் போட்டு, பணம் கொடுக்கச் சொன்ன ஆளைப் பற்றி. அவர் லஞ்சம் வாங்கியிருக்க வேண்டும் என்றில்லை. ஒரு பைசா வாங்காத, வீட்டில் நல்ல தகப்பனான, நேரத்துக்கு அலுவலகம் வருகிற மனிதராகவே இருக்கட்டும். பார்க்காமல், பார்த்ததாக எழுதினார். அந்த இடத்திலேயே அவர் குற்றவாளி என்கிறேன்.

1877இல் டபிள்யூ.கே. கிளிஃபர்ட் என்ற ஆங்கிலேயக் கணிதப் பேராசிரியர் நம்பிக்கையின் அறம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழசு, பழுதுபார்க்க வேண்டும் என்று அவருக்குச் சந்தேகம் உண்டு. பழுதுபார்க்கச் செலவாகும். 'இத்தனை முறை போய் வந்த கப்பல்தானே, கடவுள் காப்பாற்றுவார்' என்று தன் மனத்தைத் தானே தேற்றிக்கொண்டு, புலம்பெயரும் குடும்பங்களை ஏற்றி அனுப்புகிறார். கப்பல் மூழ்குகிறது. காப்பீட்டுப் பணம் வருகிறது. அவர் மனதார நம்பித்தான் அனுப்பினார். ஆனாலும் அந்த உயிர்களுக்கு அவரே பொறுப்பு என்கிறார் கிளிஃபர்ட். அதற்கு மேலும் ஒரு படி போகிறார்: கப்பல் மூழ்காமல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் அந்த முதலாளியின் குற்றம் இம்மியும் குறையாது. ஆதாரம் தேடாமல் நம்ப அவருக்கு உரிமை இருக்கவில்லை.

நம் அரசு அலுவலகங்களில் இந்த இரண்டாவது பகுதிதான் யாருக்கும் உறைப்பதில்லை. 'இத்தனை வருஷமாக அதே கம்பெனிதான் செய்கிறது, ஒன்றும் ஆகவில்லையே' என்கிறார்கள். ஒன்றும் ஆகவில்லை என்பது சோதித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதா, தானாகத் தப்பித்ததா?

ஆதாரம் எங்கே என்று கோயில் வாசலில் நின்று கேட்கத் தமிழ்நாடு ஒரு நூற்றாண்டாகப் பழகியிருக்கிறது. சுயமரியாதை இயக்கம் கொடுத்த பழக்கம் அது. சாமியாரின் மகிமைக்குச் சாமியாரின் வாய்மொழியே சாட்சி என்றால் நாம் ஏற்க மாட்டோம். ஆனால், தன் சேவை நன்றாக நடக்கிறது என்று ஒப்பந்தக் கம்பெனி தானே எழுதிக் கொடுக்கும் மாத அறிக்கையை அரசு ஏற்கிறது. அதை வைத்துப் பணமும் கொடுக்கிறது. இது பக்தி என்று நான் சொன்னால் எந்தப் பகுத்தறிவாளர் மறுக்க முடியும்? 'தனியார் என்றாலே திறமை' என்பது ஒரு மூடநம்பிக்கை. 'அரசு செய்தாலே நியாயம்' என்பது இன்னொன்று. இரண்டும் ஆதாரம் கேட்காத மனத்தில்தான் வளர்கின்றன.

சந்தேகப்படத் தெரிந்த அரசு எப்படி இருக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அரசு மருத்துவமனைகளுக்கான மருந்தைத் தனியார் கம்பெனிகளிடம் டெண்டர் வழியே வாங்குவது அதன் வேலை. மருந்து மாவட்டக் கிடங்குக்கு வந்ததும் நேரே வார்டுக்குப் போகாது; தனியாக நிற்கும். அதிலிருந்து மாதிரி எடுப்பார்கள். கம்பெனியின் பெயரை மறைத்து, குறியீட்டு எண் கொடுத்து, ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். யாருடைய மருந்தைச் சோதிக்கிறோம் என்பது சோதிப்பவருக்குத் தெரியாது. முடிவு சரியாக வந்தால்தான் மருந்து நகரும். தவறினால் திருப்பி அனுப்புவதும், தொடர்ந்து தவறினால் கறுப்புப் பட்டியலில் வைப்பதும் உண்டு.

இந்த ஏற்பாட்டில் யாருடைய நல்ல மனதையும் நம்ப வேண்டியதில்லை. கம்பெனி கெட்டது என்று முன்முடிவும் இல்லை. பெரிய கம்பெனிக்கும் சின்னக் கம்பெனிக்கும் ஒரே சோதனை. கேரளமும் ராஜஸ்தானும் பிறகு இதைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்தன. தமிழ்நாட்டின் சாதனைகள் என்று மேடையில் அடுக்குகிறவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. எனக்கு இது அணைக்கட்டுகளுக்குச் சமமான சாதனை.

அதே தமிழ்நாட்டில்தான், காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து, 2025இல் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாரா பகுதியில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. மருந்தில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைகால். அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 விழுக்காடு. ஜே.ஜே. மருத்துவமனையில் கொன்ற அதே நஞ்சு. 1970களின் தொடக்கத்தில் இதே சென்னையில் குழந்தைகளைக் கொன்ற நஞ்சும் அதுதான். மத்தியப் பிரதேசத்திலிருந்து தகவல் வந்த பிறகு நம் அதிகாரிகள் அந்த ஆலைக்குப் போய் மாதிரி எடுத்தார்கள். ஓரிரு நாளில் முடிவு தெரிந்துவிட்டது. ஆலையில் நூற்றுக்கணக்கான விதிமீறல்கள் பட்டியலாயின. அது அரசு மருத்துவமனைக்கான ஒப்பந்தச் சரக்கு அல்ல, கடைச் சரக்கு. கழகத்தின் கிடங்கில் நிற்கிற சந்தேகம் கடைக்குப் போகிற மருந்தின் பக்கம் நிற்கவில்லை. தேடியவுடன் கிடைத்த ஒன்றை அதுவரை தேடாமல் இருந்ததற்கு என்ன பெயர் வைப்பது?

மருந்தையாவது புட்டியில் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். சேவையை எப்படி அனுப்புவது? ஆம்புலன்ஸ், துப்புரவு, ஸ்கேன், டயாலிசிஸ், காப்பீட்டுப் பணப் பட்டுவாடா என்று ஒவ்வொன்றாக ஒப்பந்தத்துக்குப் போகும்போது, நடந்ததற்குச் சாட்சி பெரும்பாலும் கம்பெனியின் கணினியும் கம்பெனியின் பதிவேடும்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றில், எலும்பு முறிவு வார்டில், உறவினருக்குத் துணையாக இருந்தேன். கழிப்பறைக் கதவில் ஒரு அட்டை தொங்கியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கட்டம். சுத்தம் செய்தவர் கையெழுத்து, மேற்பார்வையாளர் கையெழுத்து. காலை பத்தரை மணிக்கே மாலை ஆறு மணிக் கட்டம் வரை நிரம்பியிருந்தது. உள்ளே குழாயில் தண்ணீர் இல்லை. துடைப்பத்தோடு வந்த அம்மாவிடம், "என்னம்மா, சாயந்தரத்துக்கும் இப்பவே போட்டிருக்கு?" என்று கேட்டேன். "காலைலயே போடச் சொல்லிருவாங்க சார். மூணு வார்டுக்கு நான் ஒருத்திதான். போடலைன்னா ஆப்சென்ட்டு" என்றார்.

அந்த அட்டைதான் மாதக் கடைசியில் ஆதாரமாக மேலே போகும். அதை வைத்துத்தான் பில் தேறும். மூன்று வார்டுக்கு எத்தனை பேர் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது. விசாரித்தேன், வார்டு சிஸ்டருக்கும் தெரியவில்லை. கண்ணால் பார்க்கிறவர்களுக்கு ஒப்பந்தம் தெரியாது. ஒப்பந்தம் தெரிந்தவர்கள் வார்டுக்கு வருவதில்லை. காலில் கம்பி வைத்துத் தைத்த புண் சீழ் பிடித்து ஒருவர் இறந்தால், இறப்புச் சான்றிதழில் அந்த அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

இது ஏழை நாட்டுக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் இரவிலும் விடுமுறை நாளிலும் மருத்துவர் சேவை தரும் பொறுப்பு செர்கோ என்ற பெரிய கம்பெனியிடம் இருந்தது. 2012இன் முதல் ஆறு மாதத்தில் மட்டும் அதன் செயல்பாட்டுப் பதிவுகள் 252 முறை திருத்தப்பட்டதாக நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2013இல் அறிக்கை தந்தது. அரசுக்குப் போன கணக்கு உண்மை நிலையைவிட நன்றாகத் தெரிந்தது. முதலில் வெளியே சொன்னவர்கள் உள்ளே வேலை செய்த ஊழியர்கள். பணம் கொடுத்த அரசு அமைப்பு தானாகக் கண்டுபிடிக்கவில்லை.

அயர்லாந்தின் கதை இன்னும் யோசிக்க வைப்பது. அங்கே பெண்களுக்கான கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனை மாதிரிகள் ஒப்பந்தத்தில் அமெரிக்க ஆய்வகங்களுக்குப் போயின. விக்கி ஃபெலன் என்ற பெண்ணுக்கு 2011இல் 'ஒன்றுமில்லை' என்று முடிவு வந்தது, 2014இல் புற்றுநோய். பழைய மாதிரியை மறுபடி பார்த்தபோது பிழை தெரிந்தது, ஆனால் அவருக்கு அதைச் சொன்னது 2017இல். வழக்குப் போட்டார். 2018இல் 25 லட்சம் யூரோ இழப்பீடு கிடைத்தது. வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனைக்கு மட்டும் கையெழுத்துப் போட மறுத்தார். அந்த ஒரு மறுப்பால்தான், அவரைப் போல 200க்கும் மேற்பட்ட பெண்கள் இருப்பதும், பெரும்பாலோரிடம் மறுஆய்வின் முடிவு சொல்லப்படாததும் வெளியே வந்தன. 2022இல் அவர் இறந்தார்.

விசாரித்த மருத்துவர் கேப்ரியல் ஸ்காலி, ஆய்வகங்களின் தரம் மோசம் என்று சொல்லவில்லை. இத்தகைய சோதனையில் சில பிழைகள் எங்கும் தவிர்க்க முடியாதவை. அவர் 2019இல் கண்டறிந்த இன்னொன்றுதான் என்னை உலுக்குகிறது: ஆறு ஆய்வகங்களில் சோதனை நடந்ததாக முதலில் கருதப்பட்டது; உண்மையில் 16 இடங்களுக்கு மாதிரிகள் போயிருந்தன. ஒப்பந்தக்காரர் உள்ஒப்பந்தம் விட்டிருந்தார். தன் நாட்டுப் பெண்களின் உடலிலிருந்து எடுத்தது எந்தக் கட்டடத்துக்குப் போகிறது என்பதே அரசுக்குத் தெரியவில்லை.

கம்பெனியைத் திட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறவர்களுக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 2017 ஆகஸ்டில் உத்தரப் பிரதேசத்துக் கோரக்பூர் அரசு மருத்துவக் கல்லூரிக்கு ஆக்சிஜன் கொடுத்த கம்பெனிக்கு அரசு 60 லட்சம் ரூபாய்க்கு மேல் பாக்கி வைத்திருந்தது. பணம் கேட்டுக் கடிதங்கள் வந்தபடி இருந்தன. சப்ளை நின்றது. இரண்டு நாளில் குறைந்தது 30 குழந்தைகள் இறந்தன. ஆக்சிஜன் பற்றாக்குறையால் சாகவில்லை என்று அரசு மறுத்தது. பாக்கியும் கடிதங்களும் இருந்தது உண்மை. பாக்கி வைத்திருக்கிறவரால் கண்டிக்க முடியாது. சரியாகப் பணம் கொடுக்கிற அரசுக்குத்தான் கறாராகக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. காசு நிற்கிற இடத்தில் கண்காணிப்பும் நின்றுவிடும்.

எல்லாவற்றையும் அரசே செய்துவிட்டால் தீர்ந்ததா? 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. ரத்தம் வந்தது சிவகாசி அரசு ரத்த வங்கியிலிருந்து. கம்பெனி எதுவும் நடுவில் இல்லை. சோதிக்க வேண்டியதைச் சோதிக்காவிட்டால் வாசலில் எந்தப் பலகை தொங்கினாலும் ஒன்றுதான்.

ஆகவே, அரசிடம் நான் கேட்பது பெரிய சட்டத் திருத்தம் எதுவுமில்லை. இந்த வார்டுக்கு இத்தனை துப்புரவுப் பணியாளர், இந்த வேலைக்கு இவ்வளவு கூலி, இது நடக்காவிட்டால் இவ்வளவு அபராதம் என்று ஒப்பந்தத்தின் நிபந்தனைகளைத் தமிழில் எழுதி அந்த வார்டுச் சுவரிலேயே ஒட்டுங்கள். நோயாளிக்குத் துணைக்கு வந்தவர் படிக்கட்டும், துடைப்பம் பிடித்தவர் படிக்கட்டும். குறை சொன்ன ஒப்பந்தத் தொழிலாளியை வேலையை விட்டு நிறுத்தினால் ஒப்பந்தமே ரத்து என்று ஒரு வரி சேருங்கள். வார்டில் நடப்பது அவருக்குத் தெரிகிற அளவு எந்தத் தணிக்கையாளருக்கும் தெரியாது.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் எந்தச் சேவை ஒப்பந்தத்தில் இருக்கிறது என்று விசாரியுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், 10 ரூபாய் கட்டணத்தில், மூன்று கேள்வி எழுதிப் போடுங்கள்: ஒப்பந்தத்தின் நகல் வேண்டும், கடந்த ஓராண்டில் எந்தெந்தத் தேதியில் எந்த அதிகாரி நேரில் வந்து ஆய்வு செய்தார், கம்பெனிக்கு எவ்வளவு அபராதம் விதிக்கப்பட்டது. வணிக ரகசியம் என்று மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள்; பொதுநலன் பெரிதென்றால் அந்தத் தகவலையும் தரலாம் என்று சட்டமே சொல்கிறது. 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். அபராதம் 'இல்லை' என்று பதில் வந்தால், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போய்க் கழிப்பறைக் குழாயைத் திறந்து பாருங்கள்.