அச்சநோய் மருந்தும் அருணெறியும்

அச்சம் உயிர்களைக் காக்கும் இயல்புகளுள் ஒன்று. தீயை அஞ்சும் குழவி பிழைக்கும். ஆயின், தீ அவிந்து பல்லாண்டு சென்ற பின்னரும் நள்ளிரவில் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, கைகால் நடுங்குமாயின், அஃது அச்சம் அன்று, அச்சநோய். அந்நோய்க்கு வைத்தியர் கொடுக்கும் மாத்திரையைச் சின்னாள் உட்கொள்வதிற் பெரும்பாலார்க்கு ஐயமில்லை. பத்தாண்டு இருபதாண்டு உட்கொள்ளலாமா என்பதே ஐயம். வைத்தியர் ஒருவர் நிறுத்துக என்றும், மற்றொருவர் நிறுத்தற்க என்றும் கூறுமிடத்து எதனைக் கொள்வது? சைவராயினார் மன அமைதிக்கு மாத்திரையைப் பற்றியிருத்தல் திருவருளை நம்பாமை ஆகுமா? இவற்றைக் கேட்போர் நம் ஆசிரியருள்ளும் உளர். கேளாது மறைத்து வருந்துவோரும் உளர். ஆதலின் ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

யாம் வாழும் கல்முனைக் கரையிலே இந்நோய் வேரின்றி முளைத்ததன்று. 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போர் இங்குள்ள சமூகத்தார் அனைவரையும் வருத்தியது. 2004 டிசெம்பர் 26ஆம் நாட் காலையில் எழுந்த ஆழிப்பேரலை மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு எனக் கரையோரம் நிரல்பட நிற்கும் ஊர்களைத் தாக்கியது. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000 பேருக்கு மேல் மாண்டனர். இலங்கையின் வேறெந்த மாவட்டமும் அத்துணை உயிர்களை இழந்திலது. 2019 ஏப்பிரல் 26இற் சாய்ந்தமருதில் வீடொன்றில் நிகழ்ந்த குண்டுவெடிப்பின் பின்னர், சிறுவர் உட்படப் பதினைவரின் உடல்கள் எடுக்கப்பட்டன. கடல் எவரையும் சமயம் வினவிக் கொண்டுபோகவில்லை, அச்சமும் அங்ஙனமே. பள்ளிவாசலுக்குச் செல்வாரும் கோயிலுக்குச் செல்வாரும் ஒரே மருந்துக்கடை வாயிலில் நிற்கின்றனர்.

ஆராய்ச்சிக்கு ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்வோம். பேரலையிற் பிள்ளையைப் பறிகொடுத்த ஆசிரியை ஒருவர்க்கு, உறக்கம் வேண்டி, 2005இல் டயசெபாம் மாத்திரை கொடுக்கப்பட்டது எனக் கொள்க. அன்று தொட்டு இன்றுவரை இரவுக்கொரு மாத்திரை. பள்ளிக்கடமையில் ஒருநாளும் வழுவினாரல்லர். கிளினிக்கிற்குப் புதிதாக மாற்றலாகி வந்த வைத்தியர் கொப்பியைப் புரட்டிப் பார்த்து, “இத்தனை காலம் எடுத்தது பிழை, விடத்தான் வேண்டும்” என்கின்றார். தனியே வைத்தியம் நடத்தும் முதியவர், “இருபது வருடம் உதவியதை ஏன் இப்போது தொடுவான்?” என்கின்றார். அண்டை வீட்டார், “கந்தசட்டி பிடித்தால் மாத்திரை எதற்கு?” என்கின்றார். மூன்று சொல்லும் மூன்று பக்கம் இழுக்க, அவ்வம்மையார் ஒருவரிடமும் கேளாது மாத்திரையைப் பாதியாக முறித்து உண்ணத் தொடங்குகின்றார். இது கற்பனையே எனினும், இத்தகையாரை அறியாத ஊர் இக்கரையில் இராது.

முதற்கண் மருந்தின் வரலாற்றை நோக்குவோம். முற்காலத்து வழங்கிய பார்பிட்டியூரேட் வகை உறக்க மருந்துகள் அளவு மிஞ்சின் மூச்சை அடக்கி உயிர் குடிப்பன. லியோ ஸ்டேர்ன்பாக் என்னும் இரசாயன அறிஞர் கண்ட புதுவகை மருந்து 1960இல் லிபிரியம் என்னும் பெயராலும், அதன் இனமாகிய டயசெபாம் 1963இல் வாலியம் என்னும் பெயராலும் விற்பனைக்கு வந்தன. இவ்வினத்தைப் பென்சோடயசெபீன் என்பர். மூளையின் கிளர்ச்சியைத் தணிக்கும் காபா என்னும் இயற்கைப் பொருளின் வினையை இவை மிகுவிக்கும். ஆதலின் ஒரு மணிப்பொழுதில் அமைதி தோன்றும். பழையவற்றினும் தீங்கு குறைந்தவை எனக் கருதப்பட்டு, 1970களில் உலகில் மிகுதியாக விற்ற மருந்துகளுள் இவை இடம்பெற்றன.

ஆயின் உடல் மருந்திற்கு இணங்கிவிடும். சில வாரங்கள் தொடர்ந்து உண்ட அளவிலேயே மூளை அதனை எதிர்பார்க்கத் தொடங்கும். சடுதியில் நிறுத்தின், முன்னிருந்த அச்சம் இருமடங்காய் மீளும்; உறக்கம் ஒழியும்; சிலர்க்கு வலிப்பும் உண்டாகும். இது கண்டு பிரித்தானிய மருந்துப் பாதுகாப்புக் குழு 1988இல், இவற்றை இரண்டு முதல் நான்கு வாரத்திற்கு மேல் எழுதிக்கொடுத்தல் ஆகாது என அறிவுறுத்தியது. உலக சுகாதார நிறுவனம் 2013இற் பேரிடரின் பின் முதல் மாதத்தில் தோன்றும் மனத்தாக்கத்திற்கு இவற்றைக் கொடுத்தல் தகாது எனக் கூறிற்று. அமெரிக்க மருந்து அதிகாரசபை 2020இல், சார்பும் நிறுத்தத்தின் துன்பமும் பற்றித் தனது மிகக் கடுமையான எச்சரிக்கையை மருந்துக் குறிப்பேடுகளிற் பொறிக்கச் செய்தது.

இவை யாவும் நிறுத்துக என்னும் பக்கத்துச் சான்றுகள். மறுபக்கத்தையும் கேட்டல் வேண்டும். நெடுங்காலம் ஒரே அளவில் உண்டு வந்தோரைப் பற்றி 2023இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி, தொடர்ந்தோரினும் நிறுத்தினோரிடை இறப்பு மிகுதி எனக் கண்டது. அது பதிவேடுகளைக் கொண்டு செய்த ஆராய்ச்சியாதலின் நிறுத்தமே காரணம் என அறுதியிடல் இயலாது; எனினும் நிறுத்தல் எவர்க்கும் நன்றே என்னும் துணிவை அஃது அசைத்தது. 1982 முதல் 1994 வரை நியூகாசில் நகரில் இம்மருந்தினின்று மீள்வோர்க்கெனத் தனி மருத்துவமனை நடத்திய பேராசிரியை ஹெதர் ஆஷ்டன், மாதக்கணக்கிற் சிறிது சிறிதாகக் குறைத்தலே வழி எனக் கற்பித்தார். 2025இல் அமெரிக்க வைத்தியர் சங்கங்கள் பல கூடி வகுத்த வழிகாட்டி, இரண்டு முதல் நான்கு வாரத்திற்கு ஒருமுறை நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வீதம் குறைக்கத் தொடங்கலாம் எனவும், எஞ்ஞான்றும் சடுதியில் நிறுத்தற்க எனவும் கூறும்.

இனி, இம்முரண் மெய்யான முரணா என்று பார்ப்போம். திருவள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தில், நோயாளியின் நிலையையும், நோயின் அளவையும், காலத்தையும் ஒருங்கு நோக்கியே வைத்தியன் செயற்பட வேண்டும் என்றார். காலம் என்பதனை விட்டுக் கேட்பின் இரு வைத்தியரும் பகைவர்போற் தோன்றுவர். அதனைச் சேர்த்துக் கேட்பின் முரணிற் பெரும்பகுதி கழியும். தொடங்காதவர்க்குக் கூறும் அறிவுரை ஒன்று. தொடங்கி இருபதாண்டு சென்றவர்க்குக் கூறும் அறிவுரை மற்றொன்று. கிணற்றில் இறங்காதே என்பது கரையில் நிற்பவனுக்குத் தகும். இறங்கியவனுக்குப் படியைப் பார்த்து ஏறு என்பதே தகும். கயிற்றை அறுத்துவிடு என்பது எவனுக்கும் தகாது.

இங்ஙனம் கழித்த பின்னரும் எஞ்சுவது ஒன்றுண்டு. மெல்லக் குறைக்க முயல்வதா, குறைந்த அளவில் நின்றுவிடுவதா என்பது அது. முதுமையில் இம்மருந்து நினைவை மங்கச் செய்யும்; இரவில் எழுந்து நடக்கையிற் கால் தடுமாறி இடுப்பெலும்பு முறிதலும் கூடும். குறைத்தாலோ பல மாதத் துன்பம் நேரலாம். பழைய அச்சம் மீளவும் கூடும். இவ்விரு தீங்கின் அளவை வைத்தியர் கூறுவர். எதனைத் தாங்குவது என்பதனை வைத்தியர் கூற இயலாது. என்னை? அது மருத்துவ வினா அன்று, வாழ்க்கை வினா ஆதலின். எஞ்சிய நாளைத் தெளிந்த நினைவோடு கழிக்கச் சில மாதத் துன்பத்தை ஏற்பேன் என ஒருவர் துணியலாம். நோயுற்ற கணவனைப் பேணும் கடன் முடியுமட்டும் இவ்வாண்டு தொடேன் என மற்றொருவர் துணியலாம். இருவரும் அறத்தின் வழுவினாரல்லர். துணிவு நோயாளியுடையது, வழிநடத்தல் ஒரே வைத்தியருடையதாதல் வேண்டும், ஆண்டுதோறும் அவ்வினாவை மீளக் கேட்டல் வேண்டும். கேளாது இருபதாண்டு உண்பதும், கேளாது ஒரே நாளில் விடுவதும் ஒரே குற்றத்தின் இரு முகங்களாம்.

அச்சநோய்க்குக் கொடுக்கும் மருந்தெல்லாம் இவ்வினத்தன அல்ல என்பதனையும் அறிதல் நன்று. செர்ட்ராலின், புளுவொக்செட்டீன் முதலியன வேறு வகை. அவை பயன் தரச் சில வாரம் செல்லும். நலமுற்ற பின்னரும் பல மாதம் தொடர்ந்து உண்ணுமாறு வைத்தியர் கூறுவர். அவற்றையும் மெல்லவே விடல் வேண்டும் எனினும், அவற்றிற்குரிய விதி வேறு. ஒருவர் மாத்திரைக்குக் கேட்ட அறிவுரையை மற்றொருவர் மாத்திரைக்கு ஏற்றிச் சொல்வதே ஊரிற் பரவும் குழப்பத்திற் பாதி.

இனிச் சமயத்தை நோக்கிய வினாவிற்கு வருவோம். மனம் நோயுறுதல் பத்திக் குறைவு என்பார் நம்முள் உளர். சிவஞானபோதம் ஆன்மாவை மனம் முதலிய அந்தக்கரணங்களின் வேறெனவே கொள்ளும். அந்தக்கரணங்கள் மாயையினின்று தோன்றிய கருவிகள்; அறிவில்லாத சடப்பொருள்கள். கண் பழுதுற்றவன் கண்ணாடி அணிந்து திருமுறை ஓதுதல் பத்திக் குறைவு ஆகாதவாறு போல, மனமாகிய கருவி பழுதுற்றவன் மருந்துண்டு பூசனை செய்தலும் குறைவாகாது. இந்நியாயம் இருபுறமும் செல்வது. கருவியைத் தெளிவிப்பதற்கு உண்ட மருந்தே நாளடைவிற் கருவியை மூடும் திரையாகுமாயின், அதனைக் குறைக்க முயலுதலும் அக்கருவியைத் தந்த இறைவனுக்குச் செய்யும் கடனேயாம்.

பாண்டியனின் வெப்புநோயைத் திருநீறு தீர்த்ததே என்பர். தீர்த்தது, அதனை ஐயுறுகின்றோமல்லோம். ஆயின் அவ்வற்புதம் நிகழ்த்தியவர் திருஞானசம்பந்தர் என்பதனை மறத்தலாகாது. அப்பெருமானே கொங்குநாட்டுத் திருச்செங்கோட்டில் அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபோது அருளிய பதிகத்தில், இது பழவினை என்று சொல்லிக்கொண்டு பிழைக்கும் வழி தேடாது வாளா இருத்தல் உமக்கு இழுக்கு என்று இடித்துரைக்கின்றார். வினைக்கொள்கையைக் காட்டி மருந்தைத் தடுப்பார்க்கு இதனினும் சிறந்த விடை வேண்டா. யாம் கற்ற மிஷன் பாடசாலையிலும் செபமும் மருந்தும் ஒரு வீட்டில் ஒற்றுமையாய் இருந்தமையே கண்டோம்.

இக்கரையில் ஒன்றனை அழுத்திச் சொல்லல் வேண்டும். ஆண்டுதோறும் கதிர்காமத்திற்குப் பாதயாத்திரை செல்லும் அடியார் இவ்வூர்களின் ஊடே நடந்து, உகந்தையை அடைந்து, குமனை, யால வனங்களைக் கடப்பர். நேர்த்தியின் பொருட்டு மாத்திரையை வீட்டில் விட்டுச் செல்வார்க்கு அக்கானகத்தின் நடுவே வலிப்புக் கண்டால் வைத்தியரை எங்ஙனம் தேடுவது? கந்தசட்டி ஆறுநாளும் உபவாசமிருப்பார்க்கும் இஃது ஒக்கும். நம் அயலாராகிய இஸ்லாமியர் ஒழுக்கத்தை நோக்குக. நோயாளிக்கு நோன்பில் விலக்களிப்பது அவர் மார்க்கம். நோற்கக் கூடியவர் இரவிலும் ஸஹரிலும் மருந்துண்ணுமாறு வைத்தியரோடு பேசி நேரத்தை ஒழுங்கு செய்துகொள்வர். இவ்வறிவு நமக்கும் வேண்டும். மருந்தை விடுதல் விரதத்தின் உறுப்பன்று.

2022இல் நாடு பொருளாதார நெருக்கடிக்குட்பட்டபோது மருந்துத் தட்டுப்பாடு எங்கும் நேர்ந்தது. நெடுநாள் மருந்துண்பார் தம் விருப்பத்தால் அன்றி, பிறர் குறையாலும் சடுதியில் நிறுத்த நேரிடும் என்பதனை அக்காலம் உணர்த்திற்று. தட்டுப்பாடு வருமெனின் மருந்து தீர்வதற்கு முன்னரே வைத்தியரை அணுகுதல் வேண்டும்.

ஆசிரிய அன்பர்களே, நம் கடன் யாது? மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்த வள்ளுவனார், நோயாளி, வைத்தியர், மருந்து என்பவற்றோடு அருகிருந்து பேணுவாரையும் ஒரு கூறாக வைத்தார். நமக்குரிய இடம் அந்நான்காம் இடம். மாத்திரையை விடு என்றோ விடாதே என்றோ விதிக்கும் இடம் அன்று அது. வருந்துவாரோடு கிளினிக்கிற்குச் செல்லுதல். எல்லா மருந்தின் பெயரையும், எவர் எப்போது தந்தார் என்பதனையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தல். இரு வைத்தியர் மாறுபடின் ஒருவர் கூற்றை மற்றவர்க்கு அறிவிக்கச் செய்தல். குறைக்கும் மாதங்களில் இரவிற் துணையிருத்தல். அறநெறிப் பாடசாலையில் மனநோயை நகைப்பாரைத் திருத்தல்: இவையே நம்மால் ஆவன. எவரையும் அணுக இயலாத வேளையிற் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் உண்டென்பதனையும் அறிவித்து வைக்க.

சூலைநோயோடு இரவில் வந்து அடிவீழ்ந்த தம்பியைத் திலகவதியார் சமயம் மாறிய குற்றம் கூறித் துரத்தினாரல்லர்; எடுத்து நிறுத்தி, திருநீறு கொடுத்து, திருவதிகைக் கோயிலுக்கு உடன் அழைத்துச் சென்றார். நோயைத் தீர்த்தது திருவருள். வாயில்வரை கைப்பிடித்துச் சென்றது தமக்கையின் அன்பு. மாத்திரையை மறைத்துண்ணும் உடனாசிரியர் எவரேனும் நம் பள்ளியில் இருப்பின், அவர் மறைக்க வேண்டாத ஒருவராய் நாம் இருத்தலே இன்று நாம் செய்யத்தகும் சிவத்தொண்டு.

திருச்சிற்றம்பலம்.