நூலும் கல்லூரியும்



கல்கத்தாவின் காலேஜ் தெருவில் 1857-ல் தோன்றிய பல்கலைக்கழகம் நிற்கிறது. அத்தெருவின் நடைபாதையெங்கும் பழைய புத்தகக் கடைகள். அருகே காலேஜ் சதுக்கத்தில், 1920-ல் திறக்கப்பெற்ற மகாபோதி சங்கத்தின் தர்மராஜிக விகாரை. ஆலையில் உழைத்த நாம் கல்லூரி வாயிலை மிதித்ததில்லை; அந்நடைபாதை நூல்களே நமக்கு ஆசிரியர்கள். நூல் இருக்கக் கல்லூரி எதற்கு என்று சிலர் வினவுகின்றனர்.

பாம்பை வாலில் பிடித்தவன் கடியுண்பான். அவ்வாறே தம்மத்தைத் தவறாகப் பற்றியவனும் கெடுவான் எனப் புத்த பகவான் உவமித்தார். தனியே படிப்பவனின் பிழையைத் திருத்துவார் யார்? அதனாலன்றோ நல்ல நண்பரை நாடுமாறு பகவான் பணித்தார்! வாரமொருமுறை கூடி, படித்ததை ஆராய்ந்தால் இக்குறை பெரிதும் நீங்கும்.

அயோத்திதாச பண்டிதர் 1907-ல் தொடங்கிய இதழுக்கு, ஏழைக்கு எட்டும் விலையையே சேர்த்து 'ஒரு பைசாத் தமிழன்' எனப் பெயரிட்டார். அண்ணல் அம்பேத்கரோ நூல்களோடு வாழ்ந்தே கொலம்பியாவிலும் இலண்டனிலும் பட்டங்கள் பெற்றார். அவர் இரண்டையும் வேண்டினார்.

ஆதலின், நூல் போதுமென்று வழியற்ற நாம் மனந்தேறலாம். நம் பிள்ளைகளுக்கு அது போதுமென்று பிறர் கூறினால் இசையலாகாது. அவர்களைக் கல்லூரிக்கு அனுப்புவோம். நாம் இன்றிரவே ஒரு நூலைத் திறப்போம்.