ஜைத்தூன் எண்ணெயும் வியாபாரியின் மௌனமும்

 

 அத்தீன் அத்தியாயத்தில் அல்லாஹ் ஜைத்தூனின் மீது சத்தியம் செய்கிறான். அந்நூர் அத்தியாயத்தின் 35-வது வசனத்தில் தன் ஒளிக்கு உவமை சொல்லும்போது, நெருப்புப் படும் முன்பே பிரகாசித்துவிடுமோ என்று எண்ணத் தோன்றும் தெளிந்த எண்ணெயைக் குறிப்பிடுகிறான். இந்த எண்ணெயை உண்ணவும் உடலில் தேய்த்துக்கொள்ளவும் நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி திர்மிதீ உள்ளிட்ட நூல்களில் பதிவாகியுள்ளது. அதனால்தான் நம் வீடுகளில் ஒரு போத்தல் ஜைத்தூன் எண்ணெய் இருக்கிறது. குழந்தைக்குத் தேய்க்கிறோம், வயதான பெற்றோருக்கு உணவில் ஊற்றிக் கொடுக்கிறோம்.

அந்தப் போத்தலில் உண்மையில் என்ன இருக்கிறது? விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்றால், கேட்காமலேயே சொல்ல வேண்டிய கடமை விற்பவருக்கு உண்டா? இன்று நாம் பார்க்க வேண்டியது இதைத்தான்.

முதலில் எண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். காயை அரைத்து, சூடேற்றாமல், ரசாயனம் சேர்க்காமல், இயந்திர முறையில் மட்டுமே பிரித்தெடுத்த சாறுதான் ‘எக்ஸ்ட்ரா வெர்ஜின்’. அதில் தனிக் கொழுப்பு அமிலம் 100 கிராமுக்கு 0.8 கிராமைத் தாண்டக் கூடாது. காய் அடிபட்டாலோ, பறித்தபின் மூட்டையில் நாள்கணக்கில் கிடந்தாலோ இந்த அளவு ஏறிவிடும். சோதனைக்கூடத்தில் தேறினால் மட்டும் போதாது. பயிற்சி பெற்ற ஒரு குழு முகர்ந்தும் சுவைத்தும் பார்த்து, சிக்கு வாடையோ புளித்த வாடையோ இல்லை என்று சொல்ல வேண்டும். நிறம் அவர்களை ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காக நீல நிறக் கண்ணாடிக் கிண்ணத்தில்தான் எண்ணெயைக் கொடுப்பார்கள். பச்சையாக இருந்தால் நல்லது என்பதும், குளிர்சாதனப் பெட்டியில் உறைந்தால் சுத்தமானது என்பதும் ஆதாரமில்லாத பேச்சு.

இதற்குக் கீழே வேறு வகைகள் இருக்கின்றன. ‘பியூர்’ என்றும் ‘லைட்’ என்றும் அச்சிட்டு வருபவை பெரும்பாலும் சுத்திகரித்த எண்ணெயில் கொஞ்சம் வெர்ஜின் எண்ணெயைக் கலந்தவை. ‘லைட்’ என்றால் நிறமும் மணமும் குறைவு என்று பொருள். கொழுப்பு குறைவு என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஏராளம். ‘பாமேஸ்’ என்பது பிழிந்தபின் மிஞ்சும் சக்கையிலிருந்து கரைப்பான் கொண்டு எடுத்து, சுத்திகரித்த எண்ணெய். பொரிப்பதற்கு அது ஆகும். ஹலாலான பொருள், விற்பதில் குற்றமில்லை. அதன் மீது ‘சுன்னத்தான எண்ணெய், இதயத்துக்கு நல்லது’ என்று ஒரு சீட்டை ஒட்டும்போதுதான் பிரச்சினை தொடங்குகிறது.

ஏனென்றால் ஆய்வுகள் சொல்லும் நன்மையில் பெரும்பங்கு அந்த முதல் சாறுக்கே உரியது. தொண்டையில் ‘சுருக்’கென்று காரமாகப் பிடிக்கிறதே, அதற்குக் காரணமான ஓலியோகாந்தால் என்ற பொருள் இபுப்ரோஃபென் மாத்திரையைப் போல அழற்சியைத் தடுக்கும் தன்மை கொண்டது என்று 2005-ல் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். சுத்திகரிக்கும்போது இத்தகைய பொருள்களில் பெரும்பகுதி போய்விடுகிறது. காரமும் கசப்பும் இருக்கிறதே என்று நல்ல எண்ணெயை ஒதுக்கிவிட்டு, சுவையற்றதை ‘சுத்தமானது’ என்று வாங்குகிறோம்! ஸ்பெயினில் சுமார் 7,400 பேரிடம் நடந்த பிரெடிமெட் ஆய்வில், இந்த எண்ணெயோடு கூடிய மத்தியதரைக்கடல் உணவு உண்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை குறைந்தன. செய்முறையில் குறை கண்டபோது அந்த ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்டதைத் திரும்பப் பெற்று, திருத்தி, 2018-ல் மீண்டும் வெளியிட்டார்கள். இந்த நாணயத்தை நாமும் கற்றுக்கொள்ளலாம். இத்தனை நோய்க்கு மருந்து என்று எண்ணிக்கை போட்டு, அதை நபி (ஸல்) அவர்களின் பெயரில் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோமே, அறிவிப்பாளர் தொடரைப் பார்த்தோமா? தவிர, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி இருக்கிறது. பரக்கத்தான மரம் என்பதற்காகக் குடம் குடமாக ஊற்றச் சொல்லவில்லை.

இப்போது கடைக்காரரிடம் வருவோம். “பாய், நான் பொய் சொல்லவில்லையே, போத்தலிலேயே எழுதியிருக்கிறதே” என்று அவர் சொல்லலாம். முஸ்லிம் நூலில் வரும் அந்தத் தானிய வியாபாரியை நினைத்துப் பாருங்கள். குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது அடியில் ஈரம் தட்டியது. கேட்டபோது, மழையில் நனைந்துவிட்டது என்றார் அவர். உண்மைதான். நனைத்தது அவரல்ல, பொய் ஒன்றும் சொல்லவில்லை. ஈரத்தை அடியிலும் காய்ந்ததை மேலேயும் வைத்திருந்தார், அவ்வளவுதான். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். பால் நிறைந்திருப்பதாகத் தோன்றுவதற்காக மடியைக் கட்டிவைத்து விற்பதையும் தடுத்தார்கள். அங்கேயும் வாயால் பொய் இல்லை.

தானியத்துக்குள் வாங்குபவரும் கையை விட்டுப் பார்த்திருக்கலாம். எண்ணெயை அப்படிப் பார்க்க முடியுமா? சோதனைக்கூடமும் பயிற்சி பெற்ற நாக்கும் தேவைப்படுகிற பொருள் இது. வாங்குபவரால் சோதிக்க முடியாத அளவுக்கு விற்பவரின் பொறுப்பு கனமாகிறது என்றே நான் கருதுகிறேன். எல்லாவற்றையும் பாடம் நடத்த வேண்டியதில்லை. எதற்காக அவர் வாங்குகிறாரோ அந்த நோக்கத்தைப் பாதிக்கிற விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்.

பார்க்க முடியாத பொருளில் செய்த மோசடி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மொராக்கோவின் மெக்னெஸ் நகரமே சாட்சி. ஜைத்தூன் தோப்புகள் சூழ்ந்த ஊர் அது. 1959-ல் அங்கே விற்ற மலிவான சமையல் எண்ணெயில், விமானத் தளத்திலிருந்து கழித்து விற்கப்பட்ட ஜெட் இயந்திர மசகு எண்ணெயைக் கலந்திருந்தார்கள். சுமார் 10,000 பேருக்குக் கை கால் விளங்காமல் போயிற்று. வாங்கியவர்கள் ஏழைகள். 1981-ல் ஸ்பெயினில், தொழிற்சாலைக்கென்று இறக்குமதியான கடுகின எண்ணெயை ஜைத்தூன் எண்ணெய் என்று தெருத்தெருவாக விற்றார்கள். சுமார் 20,000 பேர் பாதிக்கப்பட்டார்கள், முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அந்த அளவுக்கு நாம் போகமாட்டோம், சரி. நாளை ஒரு பெரியவர் உங்கள் கடைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். “தம்பி, டாக்டர் ஜைத்தூன் எண்ணெய் சாப்பிடச் சொன்னார், நல்லதாகக் கொடுங்கள்” என்று பாமேஸ் போத்தலை எடுத்து நீட்டுகிறார். உங்களிடம் இருப்பது அது மட்டும்தான். “அத்தா, இது பொரிக்கிற எண்ணெய். நீங்கள் கேட்பது கறுப்புப் போத்தலில் வரும், எக்ஸ்ட்ரா வெர்ஜின் என்று எழுதியிருக்கும், அறுவடைத் தேதி பார்த்து வாங்குங்கள். எதிர்க்கடையில் இருக்கிறது” என்று சொன்னால் இந்த விற்பனை உங்கள் கையைவிட்டுப் போகும். அவர் திரும்பி வருவாரா என்பதும் உறுதியில்லை. வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்று புகாரியில் வரும் ஹதீஸ், சொன்னதால் நின்றுபோன வியாபாரத்துக்கு என்ன தரும் என்று அந்த நேரத்தில் உங்கள் மனம் கேட்கும். கல்லாப்பெட்டியைப் பார்த்துக்கொண்டே அதற்குப் பதில் தேட முடியாது.